கதாநாயகன் ஓடக் கூடாது

லோத்குண்டா, செகந்திராபாத்
11 ஜூன் 1973

அன்புள்ள தம்பி சிலாஸுக்கு,

நானும் உன் அத்தானும் சாராவும் சுகம். உன்னுடைய கடைசிக் கடிதம் ஈஸ்டருக்கு வந்தது. மொத்தம் நான்கு வரி. அதில் இரண்டு வரி வெயிலைப் பற்றி. முந்தின கிறிஸ்துமஸுக்குச் சண்டை என்றாய், சரி. போன கிறிஸ்துமஸுக்கு என்ன காரணம் என்று இன்னும் சொல்லவில்லை. உனக்கென்று வாங்கிய சட்டைத்துணி பெட்டியிலேயே கிடக்கிறது.

போகட்டும். இந்த முறை எனக்கு உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும்.

ஃபேக்டரியில் பகலெல்லாம் டைப் அடித்துவிட்டு, சாயங்காலம் நான் நாடகம் எழுதுகிறேன் என்பது உனக்குத் தெரியும். இதுவரை ஆறு எழுதியிருக்கிறேன். ஆறிலும் ஒரு மாமியார், ஒரு மருமகள். எங்கள் குழுவின் செயலாளர் ஜம்புநாதன் சார் போன வாரம் வந்து, "லோயிஸ்மா, அக்டோபர்ல போட்டி. இந்த வாட்டி மாமியாரைக் கொஞ்சம் ஊருக்கு அனுப்பிடுங்கோ" என்றார். உடனே எனக்கு உன் நினைவுதான் வந்தது.

கதை இதுதான். ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. பரிசுப் பொருட்களுக்கு நடுவே யாரோ ஒரு வெடிகுண்டை வைத்துவிட்டார்கள். பெண்ணின் அண்ணன் உன்னைப் போலவே பட்டாளத்தில் வெடிகுண்டு அகற்றுகிறவன், லீவில் வந்திருக்கிறான். அந்த வேஷம் உன் அத்தானுக்கு. நாச்சாரம் ஃபவுண்டரியில் எட்டு மணி நேரம் உலைக்கு முன்னால் நிற்கிற மனுஷன், மேடையில் ஏறினால் வேறு ஆளாகிவிடுகிறார்.

எனக்கு எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். போன வருஷம் ஒரு குழு டாக்டர் நாடகம் போட்டார்கள். அவர் நாடியைப் பிடித்த இடத்தைப் பார்த்து நடுவர்களே சிரித்துவிட்டார்கள். அதனால் கேட்கிறேன். நீங்கள் போனதும் முதலில் என்ன செய்வீர்கள்? எத்தனை பேர் போவீர்கள்? எந்தக் கம்பியை வெட்டுவது என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் இருக்கும்போது ஒருவருக்கொருவர் என்ன பேசிக்கொள்வீர்கள்? பயமாக இருக்குமா?

வெயிலைப் பற்றி எழுத வேண்டாம். இதற்குப் பதில் எழுது.

உன் அக்கா,
லோயிஸ்


மே/பா 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால்)
26 ஜூன் 1973

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. கம்பியைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. சொன்னாலும் உனக்கு உபயோகப்படாது. சினிமாவில் வருவது போல சிவப்பா பச்சையா என்று வியர்வை வழிய யோசிக்கிற ஆள் எங்களிடம் ஒருவரும் கிடையாது.

உன் நாடகத்துக்கு வேண்டியதைச் சொல்கிறேன். கேட்க சப்பென்றுதான் இருக்கும்.

பார்த்தவர் அதைத் தொடக் கூடாது. எடுக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது, மேலே துணி போட்டு மூடக் கூடாது. முதல் வேலை ஆட்களை வெளியே அனுப்புவது. மாப்பிள்ளையானாலும் பாதிரியாரானாலும் வெளியே. கத்தக் கூடாது. கத்தினால் கூட்டம் வாசலில் நெரியும். "எல்லாரும் எழுந்து நடந்து வெளிய போங்க" என்று சாதாரணக் குரலில், சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி சொல்ல வேண்டும். பிறகு தூரம். நீ நினைப்பதைப் போல மூன்று மடங்கு தூரம்.

கிட்டே போவது ஒரே ஒரு ஆள். மற்றவர்கள் மறைவில் இருப்பார்கள். ஒருவன் கையில் கடிகாரம் இருக்கும். போன ஆள் தான் செய்யப்போவதை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் செய்வான். அது பேச்சு இல்லை. அவனுக்கு ஏதாவது ஆனால், எதுவரை செய்தான் என்று அடுத்தவனுக்குத் தெரிய வேண்டும், அதற்காக.

முக்கியமான வேலை காத்திருப்பது. ஒன்றைச் செய்துவிட்டு விலகி வந்து காத்திருப்போம். ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம். ஒரு நிமிஷம் குறையக் கூடாது. எங்கள் வேலையில் பத்தில் ஒன்பது பங்கு இதுதான்.

கதாநாயகன் ஓடக் கூடாது. இதை மட்டும் நினைவில் வை.

பயமாக இருக்குமா என்று கேட்டாய். அத்தான் நன்றாக நடிப்பார்.

சாராவுக்கு முத்தம்.

சிலாஸ்


லோத்குண்டா
9 ஆகஸ்ட் 1973

அன்புள்ள சிலாஸ்,

நீ எழுதினதையெல்லாம் அப்படியே வைத்து எழுதினேன். கடிகாரம் வைத்திருக்கிற ஆளாக ஒரு பாத்திரமே சேர்த்தேன். ஆட்களை வெளியே அனுப்புகிற காட்சி நன்றாக வந்திருக்கிறது. பெண்ணின் தாய், "தாலி கட்டாம எம் பொண்ணு இந்த வாசலைத் தாண்ட மாட்டா" என்கிறாள். ஒத்திகையிலேயே இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

காத்திருக்கிற காட்சியில்தான் சிக்கல். உண்மையாக இருக்கட்டும் என்று பதினோரு நிமிஷம் வைத்தேன். மேடையில் உன் அத்தான் நிற்கிறார், அந்த ஆள் கடிகாரத்தைப் பார்க்கிறான், அவ்வளவுதான். ஜம்புநாதன் சார் நாற்காலியில் நெளிந்துகொண்டே இருந்தார். கடைசியில், "லோயிஸ்மா, இந்த இடத்துல ஜனங்க எழுந்து மிர்ச்சி பஜ்ஜி வாங்கப் போயிடுவா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாகப் போயிற்று. ஆனால் அவர் சொன்னது பொய் இல்லை.

அதனால் மாற்றிவிட்டேன். நேரம் நெருங்குகிறது, உதவிக்கு யாரும் வந்து சேரவில்லை. அண்ணன் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, ஜனங்களுக்கு நடுவே ஓடி, மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற கிணற்றில் போடுகிறான். மேளம் நிற்கிறது. சத்தம். விளக்கு அணைகிறது.

உன் அத்தான் அதைச் செய்கிறபோது நீ பார்க்க வேண்டும். நானே எழுதியது, எனக்கே மூச்சு நின்றுவிடுகிறது. உனக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் இது நாடகம் தம்பி, பட்டாளத்துப் பாடப்புத்தகம் இல்லை. அறிவிப்பில் உன் பெயரைச் சொல்லி நன்றி சொல்லப்போகிறோம்.

லோயிஸ்


56 ஏ.பி.ஓ.
21 ஆகஸ்ட் 1973

அக்கா,

என் பெயரைச் சொல்ல வேண்டாம். அந்தக் காட்சியை எடுத்துவிடு. தூக்குவதும் கூடாது, அணைப்பதும் கூடாது, ஓடுவதும் கூடாது. அது வீரம் இல்லை. நான் எழுதியதில் எதுவும் அலங்காரத்துக்காக எழுதியது இல்லை.

ஜனங்கள் பஜ்ஜி வாங்கப் போனால் போகட்டும்.

சிலாஸ்


லோத்குண்டா
14 அக்டோபர் 1973

சிலாஸ்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். ஒளிக்க ஒன்றும் இல்லை. மூன்று வருஷமாக வீட்டு வாசலை மிதிக்காதவன், சிறு பிள்ளைக்குச் சொல்வதைப் போல எனக்கு எழுதுகிறாய். நம் அம்மா போனபிறகு உனக்குச் சோறு பொங்கிப் போட்டவள் நான்.

ஏழாம் தேதி ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நாடகம் நடந்தது. காட்சியை எடுக்கவில்லை. உன் அத்தான் பெட்டியைத் தூக்கினபோது ஆணியடித்த மாதிரி அரங்கம் அப்படியே இருந்தது. சாராகூட பெஞ்சுமேல் ஏறி நின்று, "டாடி, நக்கோ, நக்கோ" என்று, தெருப்பிள்ளைகளின் உருதுவில் வேண்டாம் வேண்டாமென்று அழுதாள். அவளை வெளியே தூக்கிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. முதல் பரிசு எங்களுக்கு. சிறந்த நடிகர் உன் அத்தான். ஃபவுண்டரியில் எல்லோரும் அவரை இப்போது 'பட்டாளத்தார்' என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

உன் பெயரைச் சொல்லவில்லை. நீ கேட்டுக்கொண்டபடியே.

லோயிஸ்


லோத்குண்டா
29 அக்டோபர் 1973, திங்கள்

அன்புள்ள சிலாஸ்,

கோபத்தையெல்லாம் விட்டுவிட்டு எழுதுகிறேன். உன் அத்தான் உயிரோடு, சேதமில்லாமல், பக்கத்து அறையில் ஆட்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை ஒன்பது மணிக்கு ஃபவுண்டரிக்குப் பழைய இரும்பு ஒரு லாரி வந்தது. எந்த ஊர் இரும்போ தெரியாது. கமலம் என்று ஒரு அம்மாள் அங்கே இரும்பு பிரிக்கிற வேலை செய்கிறாள். உடைந்த சக்கரம், கதவுக் கம்பி எல்லாவற்றுக்கும் நடுவே, முழங்கை நீளத்துக்கு மேல் ஒன்று, துருப்பிடித்து, முனை கூராக. உலையில் போடுகிற குவியலில் அதை வைத்துவிட்டுத்தான் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. "ஐயா, இது என்னமோ பம்ப் மாதிரி இல்ல. இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். பார்த்த ஒரு ஆள் "ஷெல்", பீரங்கிக் குண்டு என்று கத்தியிருக்கிறான். எரிகிற உலைக்கும் அதற்கும் இருபது அடிகூட இல்லை. உள்ளே நாற்பது பேர்.

எல்லோரும் கல்லாக நின்றார்களாம். உன் அத்தான் நேராகப் போய் அதைத் தூக்கி, மார்போடு அணைத்துக்கொண்டு, பின்பக்கக் கதவு வழியாக ஓடி, காம்பவுண்டைத் தாண்டி மேட்டுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். வைத்தபோதும் மெதுவாக வைத்தாராம். ஒத்திகையில் நான் அதற்காக எத்தனை தடவை சத்தம் போட்டிருப்பேன், பெட்டியைப் பொத்தென்று போடாதீர்கள் என்று.

முதலாளி மாலை வாங்கிப் போட்டார். நாற்பது பேரும் தோளில் தூக்கிக்கொண்டு கேட் வரை வந்தார்கள். "பயமா இல்லியா" என்று கேட்டதற்கு, "வெயிட்டு ஒண்ணும் பெருசா தெரியல. நாடகப் பெட்டியவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்" என்றாராம்.

நீ எழுதின மாதிரி யாரும் தொடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யோசித்துச் சொல். நான் வாதம் செய்யவில்லை. ஆனால் அந்தக் காட்சி இல்லாவிட்டால் உன் அத்தானுக்குக் கால் நகர்ந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

அது இன்னும் பள்ளத்தில்தான் இருக்கிறது. போலீஸ் வந்து கயிறு கட்டிவிட்டுப் போனார்கள். பட்டாளத்துக்குச் சொல்லியிருக்கிறார்களாம். அதுவரை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கயிற்றுக்கு வெளியே நின்று அதன்மேல் கல் எறிந்து பார்க்கிறார்கள். உன் அத்தான் நாளைக்கு நம் பாதிரியாரைக் கூட்டிப்போய்க் காட்டப்போவதாகச் சொல்கிறார்.

உன் அக்கா,
லோயிஸ்


தந்தி
2 நவம்பர் 1973

யாரும் கிட்டே போக வேண்டாம். பிள்ளைகளை விரட்டச் சொல். அத்தானைப் போக விடாதே. காரணம் பிறகு. சிலாஸ்.


லோத்குண்டா
6 நவம்பர் 1973

சிலாஸ்,

உன் தந்தி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. அதற்குள் உன் அத்தான் பாதிரியாரை மட்டுமில்லை, இன்னும் ஐந்தாறு பேரைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டார். தந்தியைப் பையில் வைத்துக்கொண்டு நான் ஓடினேன். நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் பட்டாளத்து வண்டி வந்துவிட்டது.

ஐந்து பேர். அவர்கள் தள்ளி நின்று அதைப் பார்த்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் கிட்டே போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு வந்தார். அதன்பிறகு ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. ஃபவுண்டரியை நிறுத்தினார்கள். சுற்றிலும் வீடுகளிலிருந்து ஜனங்களை வெளியே அனுப்பினார்கள். கத்தவில்லை. சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி சொன்னார்கள். எனக்கு உன் கடிதம் ஞாபகம் வந்தது. எங்களை எவ்வளவு தூரத்துக்கு அனுப்பினார்கள் தெரியுமா? ஃபவுண்டரி புகைபோக்கி விரல் அளவுக்குத் தெரிந்தது.

அப்போது அவர்களில் வயதான ஹவில்தார், இதை உள்ளேயிருந்து இங்கே கொண்டுவந்தது யார் என்று ஹிந்தியில் கேட்டார். உன் அத்தான் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டார். உன் அத்தான் இரண்டு கையையும் மடக்கி, பிள்ளையை அணைக்கிற மாதிரி செய்து காட்டினார். அந்த ஹவில்தார் திட்டவில்லை. தன் இடுப்பில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கழற்றித் திறந்து, "குடியுங்கள்" என்று கொடுத்தார். உன் அத்தான் ஏன் என்று புரியாமல் வாங்கிக் குடித்தார்.

மணல் மூட்டைகளை அடுக்கி அது இருந்த இடத்திலேயே வெடிக்க வைத்தார்கள்.

சத்தம் காதில் கேட்டது என்று சொல்ல முடியாது. தரை என் காலை அடித்தது. ஒரு நிமிஷம் கழித்து எங்கோ கண்ணாடிகள் விழுகிற சத்தம். சாரா என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அழக்கூட இல்லை. பிறகு போய்ப் பார்த்தோம். பள்ளம் இருந்த இடத்தில் ஒரு எருமையை இறக்கி நிறுத்தும் அளவுக்குக் குழி. பக்கத்தில் இருந்த வேப்பமரத்தில் பாதி இல்லை.

உன் அத்தான் அந்தக் குழியின் ஓரத்தில் நின்றார். ஆட்கள் முதுகைத் தட்டினார்கள். "பட்டாளத்தாரே, தப்பிச்சோம்" என்றார்கள். அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். வேறு சட்டை, ஆனால் அதே இடத்தை, மார்பை, தடவிப் பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

இன்றைக்கு மூன்றாவது நாள். வேலைக்குப் போகவில்லை. ஜுரம் இல்லை, வலி இல்லை. கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறார். ஆனால் எதையும் தூக்குவதில்லை. குழாயடியில் நிறைந்த குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டார். நேற்று சாரா தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினாள். அவர் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டார். அவள் என்னிடம் வந்து, "டாடி கைக்கு பாத் நை கர்ரே?" என்கிறாள். அப்பா ஏன் பேசவில்லை என்று கேட்கிற பிள்ளைக்கு நான் என்ன சொல்வேன்?

வேறு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நான்தான் எழுதினேன். "மார்போடு அணைத்துக்கொண்டு" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. நாற்பது தடவை செய்ய வைத்தேன்.

போன கடிதத்தில் உன்னிடம் ஒன்று கேட்டிருந்தேன், யாரும் தொடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. இப்போது எனக்கே தெரிகிறது. பின்பக்கக் கதவு திறந்துதான் இருந்தது. நாற்பது பேரும் அதன் வழியாக நடந்து போயிருக்கலாம்.

லோயிஸ்


56 ஏ.பி.ஓ.
15 நவம்பர் 1973

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்தேன். எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் அனுப்பப்போகிறேன்.

அத்தான் செய்தது தவறா என்று கேட்டால், முறைப்படி தவறு. ஆனால் அத்தானுக்கு முறை தெரியாது. முறை தெரிந்த ஒருவன் என்ன செய்தான் என்று சொல்கிறேன்.

சண்டை முடிந்த அடுத்த பிப்ரவரியில் நாங்கள் எல்லைக்குப் பக்கத்து வயல்களில் வேலை செய்தோம். பச்சைக் கோதுமை முழங்கால் உயரம். என்னோடு ஜகதீசன் என்று வேலூர்க்காரன். வேலையில் என்னைவிடக் கெட்டி. அன்று அவன் கிட்டே போகிற முறை. என் கையில் கடிகாரம். போய்ச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்தான். வெடித்திருக்க வேண்டும், வெடிக்கவில்லை. அப்படி ஆனால் ஒரு மணி நேரம் யாரும் கிட்டே போகக் கூடாது.

அவனுக்கு அன்று சாயங்காலம் லீவு தொடங்குகிறது. ரயில் பாஸ் சட்டைப் பையில் இருந்தது. கல்யாணமாகி எட்டு மாதத்தில் பிரிந்து வந்தவன்.

"எவ்ளோ ஆச்சு?" என்றான்.

"நாப்பத்திரண்டு."

"போதும்டா. அது செத்துப்போச்சு. வண்டிய விட்டுடுவேன்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, அக்கா. போ என்றும் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கும் பசித்தது. எனக்கும் அது முடிந்தால் போதும் என்று இருந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் நிமிராததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு எழுந்து போனான். நாற்பத்தி ஆறாவது நிமிஷம் அது வெடித்தது.

விசாரணையில், கூப்பிட்டேன், அவன் நிற்கவில்லை என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அவன் மனைவி செல்லம்மா எனக்குக் கடிதம் எழுதினாள், "நீங்க தடுத்தீங்களாம், உங்களுக்குப் புண்ணியம்" என்று. அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. அதனால்தான் போன கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. வந்தால் நீ என் முகத்தைப் பார்ப்பாய்.

அதற்குப் பிறகு நான் ஒரு குண்டின் கிட்டேயும் போகவில்லை. ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள். டீ குவளையைப் பிடித்தால் கை ஆடுகிறது, அதனால் பாதிதான் ஊற்றச் சொல்வேன். உனக்கு ஜூனில் அவ்வளவு அழகாக முறையெல்லாம் எழுதினேனே, அதை எழுதியவன் இந்த ஆள்தான். காத்திருக்கிற காட்சியை நீ எடுத்துவிட்டாய் என்றதும் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று இப்போது உனக்குப் புரியும். உன்மேல் இருந்த கோபம் இல்லை.

அத்தானை வீரர் என்று யாரும் சொல்ல விடாதே. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவர் அதைத் திரும்ப மார்பில் வைத்துப் பார்க்கிறார். ஏன் பேசவில்லை என்றும் கேட்காதே. அவருக்கு எதிரே உட்கார்ந்து ஏதாவது வேலை செய்துகொண்டிரு. அந்த ஹவில்தார் தண்ணீர் கொடுத்தாரே, அதுதான் சரி.

இதை வேறு யாருக்கும் நான் சொன்னதில்லை. அத்தானுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமென்றால் காட்டு.

சிலாஸ்


லோத்குண்டா
18 டிசம்பர் 1973

என் தம்பி சிலாஸுக்கு,

உன் கடிதத்தை நான் அவருக்கு வாசிக்கவில்லை. மேஜைமேல் வைத்தேன். அவரே எடுத்து வாசித்தார். வாசித்துவிட்டு, "நாப்பத்திரண்டு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் வேலைக்குப் போனார். உலைக்கு முன்னால் இல்லை, கேட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் ஒன்று நடந்துவிட்டது.

ஃபவுண்டரி முதலாளி நாடகத்தை இன்னொரு முறை போடச் சொன்னார். செலவெல்லாம் அவருடையது. நிஜமாகவே குண்டைத் தூக்கினவரே கதாநாயகன் என்று சுவரொட்டி. நான் முடியாது என்றேன். ஜம்புநாதன் சார் கெஞ்சினார். அவருக்கு முன்னால் வைத்தே உன் அத்தான், "நடிக்கிறேன்" என்றார். நான் கடைசிக் காட்சியை மாற்றி எழுதித் தருகிறேன் என்றேன். "வேண்டாம். அப்படியே இருக்கட்டும்" என்றார். ஒத்திகைக்கு வந்தார், வசனம் சொன்னார். பெட்டியைத் தூக்குகிற இடம் வந்ததும், "அதான் எல்லாருக்கும் தெரியுமே" என்று தாண்டிவிட்டார். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நானும் நிமிராமல் இருந்துவிட்டேன் போல.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம். இன்ஸ்டிட்யூட் நிரம்பி, ஜன்னலில் எல்லாம் ஆட்கள். கமலம் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கடைசிக் காட்சி வந்தது. மேளம் நின்றது. உன் அத்தான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

தூக்கவில்லை.

கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பக்கத்திரைக்குப் பின்னால் நின்று நான் வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். காதில் விழவில்லை. ஜனங்கள் காத்திருந்தார்கள். யாரோ விசிலடித்தார்கள். அவர் நிமிர்ந்து, மேடையின் முன்பக்கம் வந்து, அரங்கத்தைப் பார்த்துச் சொன்னார்.

"எல்லாரும் எழுந்து நடந்து வெளிய போங்க."

சிரித்தார்கள். கைதட்டினார்கள். அவர் சிரிக்கவில்லை. அதே குரலில் மறுபடியும் சொன்னார். "பிள்ளைகள முதல்ல கூட்டிட்டுப் போங்க. அவசரம் வேண்டாம். நடந்து போங்க."

நான் அந்தக் குரலை அவரிடம் கேட்டதே இல்லை. அது நாடகம் இல்லை என்று எனக்குத் தெரிந்த அதே நேரத்தில் கமலத்துக்கும் தெரிந்தது. அவள் எழுந்தாள். இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஃபவுண்டரி ஆட்கள் எழுந்தார்கள். பிறகு வரிசை வரிசையாக. செருப்புச் சத்தம் மட்டும். முதலாளியும் போனார். ஜம்புநாதன் சார் என்னைப் பார்த்து, "என்னம்மா இது" என்றார், அவரும் போனார். அட்டைப் பெட்டி, உள்ளே இரண்டு செங்கல். எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் போனார்கள்.

கடைசியில் அவர் வந்தார். வெளியே மைதானத்தில் முந்நூறு பேர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் உள்ளே திரும்பவில்லை. அவர் படியில் உட்கார்ந்தார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. எங்கள் முதல் குழந்தை இறந்தபோதுகூட. கமலம் வந்து படியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஐயா, நான்தான் அதைக் குவியல்ல வச்சேன். ஒன்றரை மாசமா எனக்கும் தூக்கம் இல்ல" என்றாள். இத்தனை நாளில் அவளைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை, சிலாஸ். நானும்தான்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். சாராவை அவர் இன்னும் தூக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியில், "எனக்குத் தெரியல லோயிஸ். தூக்கறப்ப எனக்கு ஒண்ணுமே தெரியல. நாடகம்னு நெனச்சேனோ என்னமோ" என்றார். அந்த நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் சேர்ந்தாற்போல மூன்று வாக்கியம் பேசியது அதுதான்.

குழு கலைந்துவிட்டது என்று ஜம்புநாதன் சார் சொல்லி அனுப்பினார். இரவு சாப்பிடும்போது உன் அத்தான், "சிலாஸ் அங்க யார்கிட்டயாவது சொன்னானா?" என்று கேட்டார். சொல்லவில்லை என்றேன். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "நாளாக ஆக கனம் ஏறும்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.

அக்கா


56 ஏ.பி.ஓ.
2 ஜனவரி 1974

அன்புள்ள அக்கா, அத்தான்,

அத்தான் சொல்லி அனுப்பியதைக் கிறிஸ்துமஸ் அன்று வாசித்தேன். இருபத்தேழாம் தேதி எங்கள் மேஜரிடம் போய், விசாரணையில் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார். எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். என்ன நடவடிக்கை என்று பிறகுதான் தெரியும். பதவியை இறக்கலாம். டாக்டர் என் கையைப் பார்த்துவிட்டு முப்பது நாள் லீவு எழுதியிருக்கிறார்.

கிறிஸ்துமஸ் அன்றே செல்லம்மாவுக்கும் நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். ஒரு வாரமாகப் பதில் இல்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று ஒரு தந்தி வந்தது. "நேரில் வந்து சொல்லுங்கள்" என்று மட்டும் இருக்கிறது. கோபமா, வேறு எதுவுமா என்று தந்தி எழுத்தில் தெரியவில்லை.

ஒன்பதாம் தேதி காலை செகந்திராபாத் வந்து சேருவேன். ஸ்டேஷனுக்கு அத்தான் மட்டும் வரட்டும். பதினொன்றாம் தேதி வேலூருக்குப் போக வேண்டும். என்னால் அந்த வாசலில் தனியாகப் போய் நிற்க முடியாது. அத்தான் கூட வருவாரா என்று கேள்.

சிலாஸ்